ராக்ஸி என்னைப் பேச வைக்கவில்லை

முதலில் அந்த நாயைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் பார்க்க வருகிறவர்களெல்லாம் அதையே கேட்டு என் உயிரை எடுப்பார்கள். கண்டிக்கு அப்பால், கலஹாப் பக்கத்து மலையொன்றில் ஒரு பராமரிப்பு இல்லம் இருக்கிறது. அதன் முகநூல் பக்கத்தில் ஒரு படம் போட்டிருக்கிறார்கள். நான் சக்கர நாற்காலியில் இருக்கிறேன், என் மடியில் தலையை வைத்துக்கொண்டு ஒரு மஞ்சள் நாய் கண்ணை மூடிக் கிடக்கிறது. பேச்சை இழந்த முதியவரை ராக்ஸியின் அன்பு பேச வைத்தது என்று கீழே மூன்று மொழியிலும் எழுதியிருக்கிறது. எனக்கு அறுபத்து மூன்று வயது. முதியவர் என்றதைப் பொறுத்துக்கொள்ளலாம். மற்றது பச்சைப் பொய்.

நான் நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளனாக இருந்து ஓய்வு பெற்றவன். அதன் பிறகும் வத்தேகம வீட்டின் முன்னறையில் மேசை போட்டு, பிறப்புச் சான்றிதழ், காணி உறுதிப் பத்திரம் என்று சிங்களத்தில் இருப்பதைத் தமிழிலும் தமிழில் இருப்பதைச் சிங்களத்திலும் ஆக்கிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். ஒரு நாள் காலை என் மனைவி பாக்கியம் தேத்தண்ணீரைக் கொண்டுவந்து வைத்தாள். ஒரு வாய் குடித்துவிட்டு, சீனி அதிகம் என்று திட்ட வாயைத் திறந்தேன். 'தத்த தத்த' என்று ஏதோ வந்தது. மறுபடி திறந்தேன், மறுபடி அதே. வலது கையிலிருந்த கோப்பை நழுவிக் கீழே போனது. பாக்கியம் உடைந்த கோப்பையைத்தான் முதலில் பார்த்தாள். அதற்கு வரவேண்டிய திட்டுக்காகக் குனிந்தபடியே காத்திருந்தாள். திட்டு வராமல் போனபோதுதான் நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தாள்.

பக்கத்து வீட்டுத் த்ரீவீலில் போட்டுக் கண்டிக்குக் கொண்டுபோனார்கள். ஆஸ்பத்திரியில் பாரிசவாதம் என்றார்கள். மூளைக்கு இரத்தம் கொண்டுபோகும் குழாய் ஒன்று அடைத்துக்கொண்டாலும் அந்தப் பெயர்தான், வெடித்துக் கசிந்தாலும் அந்தப் பெயர்தான். அடைப்பு என்றால் இரத்தத்தை இளக்க மருந்து தர வேண்டும். கசிவு என்றால் அதே மருந்து ஆளை முடித்துவிடும். அதனால் ஸ்கேன் எடுத்துப் பார்க்காமல் எந்த டாக்டரும் ஊசியைத் தொடமாட்டார். எனக்கு அடைப்பு. மூளையின் இடப்பக்கத்தில், பேச்சு உண்டாகும் இடத்தில். மற்றவர்கள் சொல்வதெல்லாம் விளங்கும், பதிலும் உள்ளே தயாராக நிற்கும், அது வாய்க்கு வரும் வழிதான் மூடிக் கிடக்கும். இது தெரியாமல் ஆஸ்பத்திரி வாட்டில் எல்லோரும் என்னோடு உரத்துப் பேசினார்கள். எனக்குக் காது நன்றாகவே கேட்டது.

தண்ணீர் விழுங்க முடிகிறதா என்று ஒரு தேக்கரண்டி ஊற்றிப் பார்த்தார்கள். தொண்டையும் தளர்ந்திருந்தால் தண்ணீர் நுரையீரலுக்குப் போய்ச் நியூமோனியாவாகிவிடும். இருமி இருமி அந்தப் பரீட்சையில் முதல் நாள் தோற்றேன். மூக்கில் குழாய் போட்டார்கள். நான்காம் நாள் பாக்கியம் தடிப்பாகக் கஞ்சி காய்ச்சிக்கொண்டு வந்து, கரண்டி கரண்டியாக, ஒவ்வொன்றுக்கும் நான் விழுங்கி முடிக்கிறேனா என்று தொண்டையைப் பார்த்துப் பார்த்து ஊட்டினாள். தாடை வழியாக வழிந்ததைத் தன் சேலைத் தலைப்பால் துடைத்தாள். அந்த நாட்களில் பயந்துதான் கிடந்தேன். செத்துப்போவேன் என்ற பயம் பெரிதாக இல்லை. இப்படியே ஊமையாக உயிரோடு இருந்துவிடுவேனோ என்பதுதான் பயம்.

பார்க்க வந்தவர்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ஒவ்வொருவரும் தோடம்பழமும் இதே நோயில் போய்ச்சேர்ந்த தங்கள் உறவினர் ஒருவரின் கதையும் கொண்டுவந்தார்கள். என்னோடு வேலை செய்த ஒருவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, இனி எல்லாம் மனத்தைப் பொறுத்தது என்றார். அவர் பெஞ்சாதி, பச்சை மரங்களைப் பார்த்துக்கொண்டிருந்தால் நரம்பு தானாக வளரும் என்று யூடியூபில் பார்த்தாளாம். ஆயுள் முழுக்கப் பச்சையைத் தவிர வேறெதையும் பார்க்காத தேயிலைத் தோட்டத்துச் சனங்கள் ஏன் நாற்பது வயதில் இடுப்பொடிந்து போகிறார்கள் என்று கேட்க வாய் துடித்தது. 'தத்த' என்றேன். பாவம், ஏதோ சொல்ல வருகிறார் என்று இருவரும் கண் கலங்கினார்கள்.

அங்கே உருப்படியாக எனக்குக் கிடைத்த ஒரே ஆள் வாசுகி. யாழ்ப்பாணத்துப் பிள்ளை, பேச்சுப் பயிற்சி கொடுக்கிறவள். படம் போட்ட அட்டைகளைக் காட்டி, "ஐயா, இது என்ன? அவசரமில்லை, ஆறுதலாச் சொல்லுங்கோ" என்பாள். குடை, கோழி, கதிரை. காணி உறுதியின் எல்லை விபரங்களைக் கடகடவென்று மொழிபெயர்த்தவன் ஒரு கோழியின் முன்னால் வியர்த்து வழிந்தேன். அவள் என்னிடம் அனுதாபமே காட்டவில்லை. அதற்காகவே அவளை எனக்குப் பிடித்திருந்தது.

இனி எப்படி அந்த மலைக்குப் போய்ச் சேர்ந்தேன் என்று சொல்கிறேன். கனடாவிலிருக்கும் என் மகன் ரமேஷ் இணையத்தில் தேடிப் பிடித்த இடம் அது. இயற்கையும் பிராணிகளும் நோயைக் குணமாக்கும் இல்லம் என்று விளம்பரம். தோட்டம், முயல்கள், வாத்துக் குளம், நாய், பசு. நோயாளியோடு ஒருவர் துணைக்குத் தங்கலாம், இரண்டு மாதம் கழித்து விருப்பம் போல் நிரந்தரமாகவும் இருக்கலாம். அவன் வீடியோ அழைப்பில் வந்து, "அப்பா, அங்க போறீங்களா?" என்று கேட்டான். முடியாது என்று தலையாட்டினேன். நம் ஆட்கள் முடியாது என்பதற்கு முகத்தைத் திருப்பித் திருப்பி ஆட்ட வேண்டும், சம்மதம் என்றால் தலையை இரு பக்கமும் சாய்த்துச் சாய்த்து ஆட்ட வேண்டும். என் கழுத்தின் ஒரு பக்கம் தளர்ந்து போயிருந்ததால், திருப்பப் போன தலை சாய்ந்துவிட்டது. எவ்வளவு ஆத்திரமாக மறுத்தேனோ அவ்வளவு குதூகலமாகச் சம்மதித்தேன். வெள்ளைக்காரனாயிருந்தால் குழம்பியாவது போயிருப்பான். என் மகனுக்குச் சந்தேகமே வரவில்லை. பாக்கியத்தைப் பார்த்தேன். என் முகத்தை வாசிப்பதில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. அவள் போனைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டு, "அப்பா சரிங்கிறாரு" என்றாள்.

அன்றிலிருந்து எனக்கு ஒரே குறி. இரண்டு மாதத்துக்குள் வீட்டுக்குப் போவோம் என்று சொல்லும் அளவுக்காவது வாய் திரும்ப வேண்டும். இல்லாவிட்டால் என் தலை மறுபடியும் சாய்ந்து, என்னை அங்கேயே நிரந்தரமாக்கிவிடும்.

அந்த இல்லத்தை நடத்துகிறவர் ஒரு சிங்களப் பெண்மணி. எல்லோரும் அவரை நோனா என்று கூப்பிட்டார்கள். நல்ல மனம் கொண்டவர், அதுதான் தொல்லை. வராந்தாவில் ஒலிபெருக்கி வைத்து, காலையிலும் மாலையிலும் பறவைச் சத்தம் போடுவார். சுற்றிலும் மரமெல்லாம் கொண்டைக்குருவியும் செண்பகமும் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருக்கும், அவற்றை மீறி எங்கோ வெளிநாட்டில் பதிவு செய்த குருவி ஒன்று பாடும். வாத்துக்களைப் பார்த்து மூச்சை இழுத்து விட ஒரு நேரம், முயலைத் தடவ ஒரு நேரம். ஒவ்வொரு மரத்திலும் 'என்னை அணைத்துக்கொள்' என்று பலகை. பலா மரத்தில்கூட அப்படி ஒரு பலகை தொங்கியது. பலாப் பால் சட்டையில் பட்டால் எத்தனை நாளைக்குப் போகாது என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது.

காலையில் இரண்டு பேர் தாங்கிப் பிடித்து, வெறுங்காலோடு புல்லில் நடக்க வைத்தார்கள். மண்ணின் சக்தி உள்ளங்கால் வழியாக ஏறுமாம். மழை பெய்து விட்டிருந்த கலஹா மலை. ஏறியது அட்டைதான். ஒன்றல்ல, ஏழு. எனக்கோ இரத்தத்தை இளக்கும் மாத்திரை. அட்டைகளைப் பிடுங்கிப் போட்ட பிறகும் கடிவாயில் இரத்தம் நிற்கவில்லை, மத்தியானம்வரை பஞ்சை மாற்றி மாற்றிக் கட்டினார்கள். நோனா வந்து பார்த்தார். அந்தக் காலத்தில் அட்டையையும் வைத்தியத்துக்குத்தான் பாவித்தார்கள் என்று ஆறுதல் சொன்னார்.

நாயின் கதை இதற்கு அடுத்த வாரம் நடந்தது. ராக்ஸியை வட்டமாக உட்கார்ந்திருந்த எங்கள் நடுவே விட்டார்கள். அது நேராக என்னிடம் வந்தது. எனக்கு நாயென்றால் அருவருப்பு. முன்னங்கால் இரண்டையும் என் மடியில் வைத்து, என் வாயை நக்கியது. "சீ, போ நாயே!" என்றேன். தெளிவாக, கணீரென்று, நீதிமன்றக் குரலில்.  எல்லோரும் கைதட்டினார்கள். நோனா அழுதேவிட்டார். சீ என்றால் என்ன என்று அங்கே சிங்களம் பேசுகிறவர்களுக்குக்கூட விளங்காமல் இருக்காது, ஆனாலும் கைதட்டினார்கள். அந்த நாய்க்கு என் வசவும் விளங்கவில்லை, திரும்பவும் மடியில் தலையை வைத்துக்கொண்டது. அப்போது எடுத்ததுதான் அந்தப் படம்.

வாரத்தில் இரண்டு நாள் வாசுகி அங்கேயும் வருவாள். அவளிடம் நோனா இதைச் சொன்னபோது அவள் சிரிக்கவில்லை. பிறகு எனக்கு விளக்கினாள். யோசித்துப் பேசும் பேச்சு மூளையில் ஒரு வழியாக வருகிறதாம். பாடமான தேவாரம், ஒன்று இரண்டு எண்ணுவது, வாயில் பழகிப்போன வசவு, இதெல்லாம் வேறு வழியாக வருகிறதாம். அந்த வழி பெரும்பாலும் கெடுவதில்லை. "ஐயா கன காலமாப் பேசின பேச்சு எதுவோ, அதுதான் முதல்ல வரும்" என்றாள். சிலருக்குக் கந்தசஷ்டி கவசம் வருமாம். எனக்கு வசவு வந்தது. பக்கத்தில் துணி மடித்துக்கொண்டிருந்த பாக்கியம் தலையை நிமிர்த்தவில்லை.

நாய்க்குப் போன புகழ் எனக்கு ஆறவே இல்லை. நான் கோழி, குடை என்று தொண்டை வறளப் பாடுபட, பெயர் அதற்கு. பிஸ்கட்டும் அதற்கு.

இதற்கிடையில் பாக்கியம் காலையில் காணாமல் போகத் தொடங்கினாள். எனக்குக் கஞ்சி ஊட்டி, முகம் துடைத்து, வராந்தாவில் உட்கார வைத்துவிட்டுப் போனால் ஒரு மணி நேரம் வரமாட்டாள். வரும்போது சேலையில் சாணி வாடை. விஷயத்தை வாசுகிதான் சொன்னாள். விளம்பரத்துக்காக நோனா தெல்தோட்டைப் பக்கத் தோட்டமொன்றில், வரிசை வீடுகளான லயத்தில் இருந்த தொழிலாளர் குடும்பம் ஒன்றிடமிருந்து கன்றோடு ஒரு பசுவை வாங்கி வந்திருந்தார். மாட்டைப் பார்க்கிற சோமே என்பவன் நல்ல வேலைக்காரன், ஆனால் சிங்களத்தில்தான் அதட்டுவான். அந்தப் பசு பிறந்ததிலிருந்து தமிழைத் தவிர வேறெதையும் கேட்டதில்லை. நில் என்றால் நடந்தது, நகர் என்றால் உதைத்தது. வாங்கிய நாளிலிருந்து ஒரு சொட்டுப் பால் வாளியில் தங்கவில்லை. பாக்கியமும் தெல்தோட்டைக்காரிதான், லயத்தில் மாட்டோடு வளர்ந்தவள். ஒரு நாள் கொட்டில் பக்கம் போனவள், "நில்லுடி தாயி, காலைத் தள்ளு" என்றிருக்கிறாள். அது தள்ளியது. அவள் உட்கார்ந்து கறந்தாள்.

முப்பது வருடம் மனிதர்களுக்கு மொழிபெயர்த்தவன் நான். கடைசியில் ஒரு மாட்டுக்கு மொழிபெயர்ப்பாளர் தேவைப்பட்டு, அந்த வேலை என் மனைவிக்குப் போனது என்று உள்ளுக்குள் ஏளனம் செய்துகொண்டேன். மறுநாள் வராந்தாவில் இருந்தபோது கொட்டில் பக்கமிருந்து ஒரு பெண் சிரிக்கும் சத்தம் கேட்டது. வாயை மூடாமல், மூச்சு வாங்கிச் சிரிக்கிற சிரிப்பு. யாரென்று பார்க்கக் கழுத்தைத் திருப்பினேன். கன்று அவள் முந்தானையைக் கவ்வி இழுக்க, பாக்கியம் வாளியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தாள். அது அவள் சிரிப்பு என்று எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

கல்யாணமான புதிதில் அவள் அப்பா எங்களுக்கு ஒரு கிடாரிக் கன்றைக் கொண்டுவந்தார். தோட்டத்தில் பெண்ணுக்கு அப்படிக் கொடுப்பது வழக்கம். லொறியில் புல்லுக்கட்டோடு வந்து இறங்கினார். கோர்ட்டு உத்தியோகத்தன் வீட்டை மாட்டுப்பட்டி ஆக்கப் பார்க்கிறீர்களா என்று வாசலிலேயே கேட்டு, அதே லொறியில் கன்றையும் மனிதரையும் ஏற்றி அனுப்பினேன். என் அப்பாவும் லயத்துக்காரர்தான், என் சட்டையிலும் ஒரு காலத்தில் அந்த வாடைதான். அதை வத்தேகமவில் யாருக்கும் தெரியாமல் வைத்திருந்தேன். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் ஒரு கோழிகூட நுழைந்ததில்லை. அவளும் கேட்டதில்லை.

இரண்டாவது மாதத்தில் சொற்கள் ஒவ்வொன்றாகத் திரும்பின. ஒழுங்காக வரவில்லை, மழையில் நனைந்த கோழிகள் கூட்டுக்குத் திரும்புவது போலத் தவறித் தவறி வந்தன. சிங்களம் சில நாள் தமிழுக்கு முந்தியது. வாசுகி இரண்டையும் விடாமல் பழக்கினாள். தன்னந்தனியாக ஒரு வாக்கியத்தை மட்டும் நான் பழகினேன். 'வீட்டுக்குப் போவோம்.' குளிக்கும்போதும் வாத்துக்களுக்கு முன்னாலும் அதையே சொல்லிக்கொண்டிருந்தேன். நோனா அதையும் வாத்துக்களின் கணக்கில் போட்டுக்கொண்டார்.

தவணை முடிகிற நாள் வந்தது. நோனாவின் காரியாலய அறையில் நானும் பாக்கியமும் மேசைக்கு இப்பால் இருந்தோம். பாக்கியம் கொட்டிலிலிருந்து அப்படியே வந்திருந்தாள், கையை மட்டும் கழுவியிருந்தாள். தொடர்ந்து இருக்கப் போகிறீர்களா என்று நோனா கேட்டார். நான் தலையை ஆட்டப் போகவில்லை. பாக்கியத்தின் பக்கம் திரும்பினேன்.

"வீட்டுக்குப் போவோம்" என்றேன். தடங்கலே இல்லை. அந்தச் சந்தோஷத்தில் இன்னும் பேசினேன், பழகாத வாக்கியங்களும் தாமாக வந்தன. "எழும்பு. இந்தச் சாணிச் சேலையோடயா ஆபீசுக்குள்ள வருவ? அறிவுகெட்டவளே, போய் மாத்து."

நோய் வந்த பிறகு நான் பேசிய மிக நீண்ட பேச்சு அது. வாசுகி இருந்திருந்தால் பாராட்டியிருப்பாள் என்றுகூட நினைத்தேன். பாக்கியம் எழும்பவில்லை. சேலையைக் குனிந்து ஒரு தடவை பார்த்தாள். பிறகு சத்தம் கூட்டாமல் பேசினாள்.

"நீங்க போங்க. நான் வரல. முப்பத்தி நாலு வருசமா, இன்னைக்கு என்ன பேச்சு வாங்கப் போறேனோன்னு பயந்துகிட்டுத்தான் காலையில கண்ணு முழிச்சேன். ஒங்களுக்குப் பேச்சு நின்னு போன இந்த ரெண்டு மாசந்தான் பயமில்லாம எந்திரிச்சேன். பாவந்தான், அப்புடி நெனைக்கக் கூடாது. ஆனா அதுதான் நெசம். இப்பப் பேச்சு வந்துருச்சு. நல்லபடியா இருங்க. நான் மாட்டப் பாத்துக்கிட்டு இங்கனயே இருந்துக்கிறேன்."

நோனாவுக்குத் தமிழ் தெரியாது. அம்மா என்ன சொல்கிறார் என்று சிங்களத்தில் கேட்டார். பாக்கியத்துக்கு அதைச் சொல்லும் அளவு சிங்களம் வரும். அவள் என்னைப் பார்த்து, "நீங்களே சொல்லுங்க. கூட்டாம கொறைக்காம சொல்லுங்க" என்றாள்.

நான் சொன்னேன். நீதிமன்றத்தில் சாட்சி சொன்னதை மொழிபெயர்ப்பாளன் தன் வாயால், தானே சாட்சி போல, நான் நான் என்றுதான் சொல்ல வேண்டும். எனக்கு வேறு விதமாகச் சொல்லத் தெரியாது. முப்பத்துநான்கு வருடம் நான் பயத்தோடுதான் கண்விழித்தேன் என்றேன். இந்த இரண்டு மாதம்தான் பயமில்லாமல் எழும்பினேன் என்றேன். நான் போகவில்லை என்றேன். சில சொற்களுக்கு நின்று நின்று காத்திருக்க வேண்டியிருந்தது, ஆனால் ஒன்றையும் விடவில்லை.

நோனாவின் கண் நிறைந்துவிட்டது. மேசையைச் சுற்றி வந்து என் தோளைத் தொட்டார். இத்தனை வருடம் இந்த மனிதரை இப்படிப் பயமுறுத்தியா வைத்திருந்தீர்கள் என்று பாக்கியத்தைப் பார்த்துக் கடிந்துகொண்டார்.  பாக்கியம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்படியே விட்டுவிடலாம் என்று எனக்குத் தோன்றியது. அதையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

"பயந்தது நான் இல்லை, நோனா. இவள்" என்றேன்.

யாருக்குப் பயந்தாள் என்று கேட்டார்.

"எனக்கு" என்றேன்.